ஏழு பச்சை, ஆறு சிவப்பு

ராஜா ஏழு முறை உள்ளே போயிருந்தான். ஆறு முறைதான் வெளியே வந்திருந்தான்.

அவன் மறுபடி முதலிலிருந்து எண்ணினான். ஆள் கதவுக்குள் நுழையும் இடத்தில் பச்சைக் கோடு, வெளியே வரும் இடத்தில் சிவப்புக் கோடு. செய்தி சேனல் ஒன்றில் பதினாலு வருடம் இரவுப் பணியில் படம் வெட்டிப் பழகிய முறை அது. வேலையை விட்டு எட்டு மாதம் ஆகியும் கை மறக்கவில்லை. திரையின் அடியில் ஒரு மணி ஐம்பது நிமிட ஷாட் ஒன்று வெட்டே இல்லாமல் நீண்டு கிடந்தது. அதன் மேல் பச்சை ஏழு, சிவப்பு ஆறு.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று திரையைக் கேட்டான். திரையில் இருந்தது அவனேதான். அவனுடைய முதுகு.

படம் ஒரு பழைய மேடைச் சோக நாடகம். நகரம் விழப்போகிற இரவில், பகைவர் கையில் சிக்கக் கூடாதென்று ஒரு ராஜா தன் சின்ன மகளைத் தானே கொன்றுவிடுகிறான். கொலை மேடையில் நடக்காது. ராஜா அறைக்குள் போவான், கதவு மூடும், கொஞ்ச நேரம் கழித்துத் தோழி ஒருத்தி முன்னால் வந்து உள்ளே நடந்ததைச் சொல்லுவாள். அவ்வளவுதான். அந்தக் காலத்தில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து இதைப் பார்த்து அழுதார்களாம். இவன் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, நாலு நடிகர்களையும் ஒரு இரவல் கேமராவையும் வைத்துக்கொண்டு இதைப் 'பரிசோதனை முயற்சி'யாக எடுக்கக் கிளம்பினான். அவனுக்கு இவன் வைத்த பெயர் உலக சினிமா. அரண்மனைக்கு இடம் கிடைக்காததால் அக்கா வீடு அரண்மனை ஆனது. ராஜாவாக நடிக்க வேண்டியவன் கடைசி நாள் வராமல் போனை அணைத்து வைத்துவிட்டதால், உயரமும் தோளும் ஒத்துப்போகிறது என்று அக்கா புருஷன் ராஜா ஆனான்.

"முதுகு மட்டும்தான் மாமா. நடிக்கவே வேணாம். சும்மா போய்க் கதவத் திறந்து உள்ள நுழைங்க."

சிவப்புப் போர்வை ஒன்றைத் தோளில் போர்த்தி, அட்டைக் கிரீடம் ஒன்றைத் தலையில் கவிழ்த்து, ஏழு முறை நுழைய விட்டான். நுழைந்த கதவு இவன் மகளின் அறைக் கதவு.

இப்போது மதியம் மூன்றரை. வீட்டுக்குள் ராத்திரி. பகலிலேயே இரவுக் காட்சி எடுப்பதற்காக ஜன்னல்களில் கறுப்புத் துணியை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். படப்பிடிப்பு முடிந்து மூன்று நாள் ஆகியும் துணி அப்படியே இருந்தது. திரும்ப எடுக்க வேண்டி வந்தாலும் வரும், எதையும் தொடாதீங்க மாமா என்று உத்தரவு. கூடத்தில் மேஜை விளக்கும் கணினித் திரையும் மட்டும் வெளிச்சம். சூடேறிய வயர் வாசனை, பதினொரு நாள் வந்துபோனவர்களின் வேர்வை, காலி டீக் கோப்பைகளின் புளிப்பு. அவன் முதுகுக்குப் பின்னால், எட்டு அடி தூரத்தில், அதே கதவு.

ஆறு மணிக்கு மனைவியும் மகளும் வருகிறார்கள். படப்பிடிப்புக்காக இரண்டு பேரும் மனைவியின் சித்தி வீட்டுக்குப் போயிருந்தார்கள். காலையில் போனில் அவள் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். "நாங்க வரும்போது வீடு வீடா இருக்கணும். குட்டி இன்னைக்கு அவ ரூம்லதான் தூங்கப்போறா. இல்லன்னா உங்க ரெண்டு பேருக்கும் தனியா ஒரு சோக நாடகம் இருக்கு."

அதற்குள் வெளியே வரும் ஏழு இடங்களையும் வெட்டி எறிந்து, உள்ளே போவதை மட்டும் ஒட்டிக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஏழாவது எங்கே?

உலக சினிமாவின் கொள்கை, கேமராவை நிறுத்தக் கூடாது. ஒரு டேக் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை கேமரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; நிறுத்தினால் சோகம் செத்துவிடுமாம். அதனால் எல்லாமே பதிவாகியிருந்தது. இவன் நுழைகிறான். கதவு மூடுகிறது. இரண்டு நிமிடம் கழித்து மச்சான் சட்டகத்துக்குள் வந்து கதவைத் திறந்து, "வாங்க மாமா, இன்னொண்ணு போவோம்" என்கிறான். இவன் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வருகிறான். வெளியே இருந்து யாராவது திறந்தால்தான் உண்டு. சத்தம் நுழையாமலிருக்கக் கதவின் உள்பக்கம் முழுக்க மெத்தை வைத்து ஆணி அடித்துவிட்டார்கள், கைப்பிடியைக் கழற்றிவிட்டு. உள்ளே நின்று கத்தினாலும் வெளியே கேட்காது என்று ஒலிப்பதிவு செய்தவன் பெருமையடித்தான். அது போதாதென்று, ஒரு விளக்குக்கு வயர் கொண்டுபோகக் கதவின் நடுவில், இடுப்பு உயரத்தில், மெத்தையோடு சேர்த்துக் கட்டைவிரல் பருமனுக்கு ஓட்டை போட்டார்கள். மறுநாள் விளக்கே வேண்டாம், இருட்டே போதும் என்று முடிவானது. ஓட்டை நின்றுவிட்டது. அதை மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

ஏழாவது பச்சைக் கோட்டிலிருந்து ஓடவிட்டான். முதுகு, போர்வை, கிரீடம். கதவு திறந்தது. நுழைந்தான். கதவு மூடியது.

இரண்டு நிமிடம். நாலு நிமிடம். மச்சான் வரவில்லை. சட்டகத்தின் ஓரத்தில் யாரோ விளக்குக் கம்பத்தை மடக்கினார்கள். யாரோ தும்மினார்கள். தோழியாக நடித்த பெண் கைப்பையோடு குறுக்கே போனாள். கேமராவின் மெமரி கார்டு நிரம்பும்வரை ஐம்பது நிமிடம் கதவு மூடியே இருந்தது.

மச்சானைப் போனில் பிடித்தான்.

"டேய், ஏழாவது டேக்ல நான் எப்ப வெளிய வந்தேன்?"

"என்ன மாமா, உள்ள போனவன் வெளிய வரக் கூடாது. அதானே நாடகமே."

"உன் தத்துவத்த அப்புறம் வச்சுக்க. நீ வந்து கதவத் திறந்தியா இல்லையா?"

"ஏழாவதுக்கா? இல்லையே. நான் கேமராகிட்டயே நின்னுட்டிருந்தேன். திரும்பிப் பாத்தா நீங்க என் பக்கத்துல நிக்கிறீங்க, டீயோட. சூப்பர் மாமான்னேன். நீங்க பேசாம சிரிச்சீங்க."

"போர்வை போத்தியிருந்தேனா?"

"இல்ல, சட்டையோட. ஏன் மாமா? சரி அத விடுங்க, அந்தத் தோழி பேசுறதுல ரெண்டாவது வரிய மட்டும் கொஞ்சம்..."

இணைப்பைத் துண்டித்தான்.

டீ நினைவிருந்தது. சர்க்கரை போடாத டீ. அதற்கு முன்னால் மகளின் கட்டிலில் இருட்டில் உட்கார்ந்திருந்ததும், மெத்தையில் அவள் தலைமுடி எண்ணெய் வாசனை அடித்ததும், இந்தப் பாழாய்ப்போன வேலை எப்போது முடியும் என்று பல்லைக் கடித்ததும் நினைவிருந்தது. கட்டிலுக்கும் டீக்கும் நடுவில் ஒன்றுமில்லை. கதவு திறந்தது நினைவில்லை. பதினொரு நாள் தூக்கமில்லாதவனுக்கு அது ஒரு பெரிய விஷயமா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். இல்லை என்றுதான் பதில் வந்தது. ஆனாலும் நாற்காலியைத் திருப்பிக் கதவை ஒருமுறை பார்த்தான்.

மூடியிருந்தது. அவனும் மூன்று நாளாக அதைத் திறக்கவில்லை. கூடத்துச் சோபாவில்தான் தூங்கினான்.

ஒலி இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. மகளின் கட்டிலுக்கு அடியில் ஒரு சின்ன வயர்லெஸ் மைக்கை ஒட்டியிருந்தார்கள், ராஜாவின் காலடிச் சத்தத்துக்காக. மைக் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, எடுத்து வைங்க சார் என்று ஒலிப்பதிவு செய்தவன் இரண்டு முறை செய்தி அனுப்பியிருந்தான். அது வெளியே இருந்த ஒலிப்பதிவுப் பெட்டிக்கு அனுப்பிய ஒலி கடைசிவரை பதிவாகியிருக்கும். ஹெட்போனை மாட்டி, ஏழாவது பச்சைக் கோட்டோடு அதைப் பொருத்தினான்.

கதவுச் சத்தம். நாலு காலடி. போர்வை தரையில் உரசியது. கட்டில் முனகியது, உட்கார்ந்தாயிற்று. மூச்சு. மூக்கால் விடும் எரிச்சல் மூச்சு, அவனுடையதேதான். இரண்டு நிமிடம். மூன்று. மூச்சு நிற்கவில்லை. பதினைந்து நிமிடத்திலும் இருந்தது. டீ குடித்த நேரத்திலும், மச்சானோடு சண்டை போட்ட நேரத்திலும், வயர்களைச் சுருட்டிய நேரத்திலும் அறைக்குள் ஒருவன் கட்டிலில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

முப்பத்தி இரண்டாவது நிமிடத்தில் மூச்சு நின்றது.

பிறகு ஒரு சின்னச் சத்தம். டக். ஒரு இடைவெளி. டக்.

விரல்களில் நெட்டி முறிக்கும் சத்தம். அவனுடைய பழக்கம். வலது கைக் கட்டைவிரலில் தொடங்கி இடது கைச் சுண்டுவிரலில் முடியும். மகள் அவன் மடியில் உட்கார்ந்து எண்ணுவாள். எண்ணிக்கை எப்போதும் ஒன்பதில் நின்றுவிடும். சின்ன வயதில் ஒரு பேருந்துக் கதவில் நசுங்கிய அந்தச் சுண்டுவிரல் மட்டும் வராது. அவள் அதைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்ப்பாள். "பாவம்ப்பா, இது செத்துப்போச்சு."

ஹெட்போனில் எண்ணினான். ஏழு. எட்டு. ஒன்பது.

பெருமூச்சு விட்டான்.

டக்.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான். தன் விரல்களை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்தான். ஒன்பது. சுண்டுவிரலை வலிக்கும்வரை இழுத்தான். வரவில்லை. நல்லது, நான் நான்தான் என்று நினைத்தான். அந்த நிம்மதி முழுதாகக் கீழே இறங்குவதற்குள், அப்படியென்றால் உள்ளே இருப்பது யார் என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றது.

கோப்பில் தவறு இருக்கலாம். இரண்டு ஒலி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கலாம். அந்த ஒலிப்பதிவுக்காரன் ஒரு அரைவேக்காடு. ஒருத்தனாவது வேலையை ஒழுங்காகச் செய்தால் என்ன? கோபம் வந்தது, கோபம் வந்தவுடன் கொஞ்சம் தைரியமும் வந்தது. எழுந்து கதவை நோக்கி நடந்தான். நாலு அடி. கைப்பிடிக்குக் கை நீண்டது. நீண்ட கை நின்றது.

ஓட்டை கண்ணில் பட்டது. சின்னக் கறுப்பு வட்டம். அதிலிருந்து மெல்லிய காற்று வந்தது, ஜன்னல் அடைத்த அறையிலிருந்து. வெதுவெதுப்பான காற்று.

வந்தது. நின்றது. வந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டான்.

மணி ஐந்தே கால். படத்தை முடித்தால் போதும், இருட்டில் தனியாக உட்கார்ந்து மூளை பேதலிக்கிறது, மனைவி வந்தால் துணியைப் பிய்த்துப்போட்டு ஜன்னலைத் திறந்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டு, தோழி பேசும் காட்சியை எடுத்து ஒட்டினான். அந்தப் பெண் கேமராவைப் பார்த்துத் தட்டையான குரலில் பேசினாள். அழக் கூடாது என்பது உலக சினிமாவின் கண்டிப்பு.

"ராஜா மகளை மடியில் வைத்திருந்தார். அவளோடு விளையாடினார். பிறகு தன் அங்கியை எடுத்து அவள் முகத்தை மூடினார். இதுவும் விளையாட்டு என்று நினைத்துக் குழந்தை சிரித்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். என்னால் திறக்க முடியவில்லை."

நூறு முறை கேட்ட வசனம். வெட்டினான், ஒட்டினான். அடுத்து மூடிய கதவு ஐம்பது நிமிடம். அதில் இரண்டு நிமிடம் மட்டும் வேண்டும். எந்த இரண்டு நிமிடம் என்று தேட, திரையைப் பெரிதாக்கினான். கதவு திரை முழுக்க நிறைந்தது. நடுவில் ஓட்டை.

ஓட்டை கறுப்பாக இல்லை.

வெளிறிய ஏதோ ஒன்று. ஈரமாக. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒருமுறை மறைந்து மறுபடி தெரிந்தது. கண். யாரோ உள்ளே மண்டியிட்டு, ஓட்டையில் கண்ணை வைத்து, இமைத்தார்கள். கண் கேமராவைப் பார்க்கவில்லை. இங்கும் அங்கும் அலைந்தது. கூடத்தில் எதையோ தேடுகிற மாதிரி. பயந்த மாதிரி.

அவன் போனை எடுத்தான். மனைவியின் எண்.

"இன்னைக்கு வர வேணாம். நாளைக்கு வாங்க."

"என்ன விளையாடுறீங்களா? மாடிப்படி ஏறிக்கிட்டிருக்கோம்."

வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்ததும் மாலை வெளிச்சம் முகத்தில் அடித்தது. அதற்குள் புகுந்து மகள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஆறு வயது, முன்பல் ஒன்று புதிதாக விழுந்திருந்தது. மனைவி இரண்டு பைகளோடு உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தாள்.

"இது வீடா, குகையா? இன்னும் துணியக் கழட்டலையா?"

"இங்க இருக்க வேணாம். வெளிய எங்கயாச்சும் போயி..."

"மூணு மணி நேரம் பஸ்ல நின்னுட்டு வந்திருக்கேன். முதல்ல குளிக்கணும். அப்புறம் உங்களையும் என் தம்பியையும் வச்சுப் பேசிக்கிறேன்." துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் கொட்டும் சத்தம் தொடங்கியது.

திரும்பினான். மகள் இடுப்பில் இல்லை.

"அப்பா, என் ரூம ஏன் பூட்டி வச்சிருக்க?"

"தொடாத!"

எட்டாத கைப்பிடியைக் குதித்துப் பிடித்துத் தொங்கினாள். கதவு திறந்தது. உள்ளே ஒரு துளி வெளிச்சம் இல்லை. அவள் குடுகுடுவென்று இருட்டுக்குள் ஓடினாள்.

அவன் யோசிக்கவில்லை. பாய்ந்து உள்ளே போனான்.

"குட்டி!"

கையை நீட்டித் துழாவினான். சுவர். அலமாரி. தலைமுடி எண்ணெய் வாசனை. கட்டிலின் விளிம்பு. மெத்தையில் கை பட்ட இடம் சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்த மாதிரி.

"எங்கடி இருக்க? விளையாடாத!"

ஏதோ துணி அவன் தோளை உரசிக்கொண்டு போனது. கனமான துணி. தரையில் இழுபட்டது.

பின்னால், மெதுவாக, மெத்தை வைத்த கதவு மூடியது.

இருட்டில் தடவித் தடவிக் கதவுக்கு வந்தான். கைப்பிடி இருந்த இடத்தில் மெத்தை. ஆணிகள். நகத்தால் பிறாண்டினான். குத்தினான். கைமுட்டி பஞ்சில் புதைந்தது. கத்தினான். மனைவியைக் கூப்பிட்டான். குரல் அறைக்குள்ளேயே சுருண்டு விழுந்தது.

ஓட்டையிலிருந்து ஊசி மாதிரி வெளிச்சம் வந்தது. மண்டியிட்டான். கண்ணை வைத்தான்.

கூடம். எதிரே மேஜை. மகள் அங்கேதான் இருந்தாள். முழுசாக. சிரித்தபடி.

"அதுக்குள்ள வெளிய வந்துட்டியாப்பா? நான் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கலாம்னு பாத்தேன்." குரல் தூரத்திலிருந்து, கம்பளிக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "இது என்ன, கிரீடமா? எனக்குக் குடு!"

நாற்காலியில் அவனுடைய முதுகு உட்கார்ந்திருந்தது. தோளில் சிவப்புப் போர்வை. முதுகு குனிந்து அவளைத் தூக்கி மடியில் வைத்தது. ஒரு கை நிதானமாக மவுஸை நகர்த்தியது. திரையின் அடியில், ஏழாவது பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. அதற்கும் பக்கத்தில் ஒரு பச்சை.

திரையில் அந்தக் கதவு. நடுவில் ஓட்டை. ஓட்டையில் கண்.

அவன் இமைத்தான். அதுவும் இமைத்தது.

குளியலறையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மனைவி ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்கவில்லை. அவள் குளிக்கும்போது பாடுவாள் என்பது அவனுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

மகள் மடியில் சாய்ந்து அந்தக் கைகளைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். அவளுடைய விளையாட்டு. ஒவ்வொரு விரலாக. அவள் உதடு அசைவதை அவன் பார்த்தான். ஒண்ணு. ரெண்டு. மூணு. கிரீடம் அவள் காதுவரை இறங்கி ஆடியது. ஏழு. எட்டு. ஒம்பது.

அவள் சுண்டுவிரலைப் பிடித்தாள். பழக்கம். இழுத்தாள்.

அவள் கண் அகலமாக விரிந்தது. பல் விழுந்த வாயைத் திறந்து கூவினாள். இது மட்டும் ஓட்டை வழியாகத் தெளிவாக வந்தது.

"பத்து! அப்பா, உயிர் வந்துருச்சு!"

கை தட்டினாள். முதுகு அசைந்து சிரித்தது. பிறகு இரண்டு கைகளும் தோளிலிருந்து சிவப்புப் போர்வையை எடுத்தன, குளிருக்குப் போர்த்துகிற மாதிரி, அவசரமில்லாமல், அவள் தலைக்கு மேலாக.

போர்வைக்குள் அவள் சிரித்தாள்.